வெட்டுக்கு வெளியே இருந்த நீலம்

போன வாரம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். ஒரு துண்டுத் தாளில் இரண்டு பஜ்ஜியை வைத்துக் கொடுத்தார்கள். நான் பஜ்ஜியை விட்டுவிட்டுத் தாளைப் பார்த்தேன். ஓரத்தில் வெளிர்நீலச் சியான், ரோஸ் மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு குட்டிக் கட்டங்கள். பக்கத்தில் முடி மாதிரி மெல்லிய ஒரு கோடு, ஒரு வட்டம், வட்டத்துக்குள் கூட்டல் குறி. அச்சகத்தில் ஷீட் ஓடும்போது நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஓரத்தில் வைக்கிற அடையாளங்கள் அவை. வேலை முடிந்ததும் கட்டிங் மிஷினில் அந்த ஓரத்தை வெட்டிப் போட்டுவிடுவார்கள். வெட்டியது சாக்கில் ஏறி, பழைய பேப்பர் கடைக்குப் போய், கடைசியில் பஜ்ஜிக்கு அடியில் வந்து உட்கார்ந்துவிடும்.

"இன்னா தம்பி, பஜ்ஜில எதுனா கெடக்குதா?" என்று பஜ்ஜி போடுகிறவர் கேட்டார்.

"இல்லண்ணே. பேப்பரு நல்லா இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த ஈடு போடப் போய்விட்டார்.

எண்ணெய் ஊறின தாளை மூக்குக்கிட்டே கொண்டு போனேன். எண்ணெய் வாசனைக்கு அடியில் மண்ணெண்ணெயும் புது நோட்டுப் புத்தகமும் கலந்த மாதிரி அச்சு மையின் வாசனை இன்னும் இருந்தது. என் கூட்டாளி சகாயம் பக்கத்தில் இருந்திருந்தால், "மெஜந்தா ஜாஸ்தி மச்சான்" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் கடி கடிப்பான். அவன் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அவன் வயது எனக்கும். இருபத்தாறு.

நான் எட்டாவது வரைக்கும்தான் போனேன். எட்டாவது பாஸா என்று மட்டும் கேட்காதீர்கள். எழுத உட்கார்ந்தால் எங்கே முற்றுப்புள்ளி வைப்பது என்று தெரியாமல் திணறுகிறவன். ஆனால் ஒரு ஃபைலை அச்சுக்குத் தயார் செய்யச் சொல்லுங்கள், மூச்சு விடாமல் செய்துவிடுவேன். அதைக் கற்றுக்கொண்ட கதைதான் இது. கற்றுக்கொண்டது நாங்கள் இரண்டு பேரும்.

கடலூரில் ஒரு ஃபிளக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். தினமும் காலையில் சிதம்பரத்திலிருந்து பஸ். ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டே போவேன். செம்மங்குப்பம் வந்தால் கெமிக்கல் கம்பெனி வாசனை தானாக எழுப்பிவிடும், எனக்கு அலாரமே அதுதான். கடையில் பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் வரும். ஃபிளக்ஸில் ஒரு சௌகரியம், அதை யாரும் வெட்ட மாட்டார்கள். ஓரத்தை மடித்துச் சட்டத்தில் அடித்துவிடுவார்கள். அதனால் ஓரம் வரைக்கும் முகங்களை நெருக்கி வைப்போம். சித்தப்பா, மாமா, மச்சான், நண்பர் குழு. ஒரு விரல் இடம் காலியாக இருந்தால்கூட, "இங்க நம்ம பங்காளிய வெச்சிருக்கலாமே" என்று யாராவது கேட்பார்கள்.

சகாயம் அப்படி ஒரு பிறந்தநாள் ஃபிளக்ஸுக்குத்தான் முதலில் வந்தான். முதுநகர்ப் பக்கம் வீடு, துறைமுகத்துக்கிட்டே ஐஸ் கம்பெனியில் வேலை. அவன் நண்பன் படத்துக்குப் பின்னால் நான் ஒரு சிங்கம் வைத்திருந்தேன். அந்த நாளில் சிங்கம் இல்லாமல் பிறந்தநாளே கிடையாது. ஸ்கிரீனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"மச்சான், எங்க ஏரியாவுல மீனுதான் இருக்கு. இந்தச் சிங்கம் யாரைப் புடிக்க வந்துது?"

முன்பின் தெரியாதவன் எடுத்த எடுப்பில் மச்சான் என்கிறானே என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில், "அப்ப நீயே ஒண்ணு வரைஞ்சு குடு" என்றேன். தோள்பையிலிருந்து கீறல் விழுந்த ஒரு டேப்லெட்டை எடுத்தான். விரலாலேயே வரைந்த படங்கள் அதில் நூற்றுக்கணக்கில் இருந்தன. வலை, படகு, ஐஸ் பெட்டி மேல் தூங்குகிற நாய், கருவாடு காயவைக்கிற அவன் அக்கா ரீட்டா. எல்லாப் படத்திலும் ஒரே ஒரு நீலம் வந்தது. சூரியன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், முகத்துவாரத்தில் படகுகள் வெளியே போகிற நேரத்தில், வானத்துக்கும் தண்ணீருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு நீலம் இருக்கும் என்றான். கால் மணி நேரம்தான் நிற்குமாம். அதைப் பிடிக்கத்தான் இவ்வளவும் வரைகிறேன் என்றான். நான் சிங்கத்தை எடுத்துவிட்டேன்.

அந்த வருடம் அவர்கள் கோயில் மாதா திருவிழா அழைப்பிதழின் அட்டைக்குச் சகாயம் படம் வரைந்தான். படகின் முனையில் மாதா நிற்கிறாள், சுற்றிலும் அந்த நேரத்து நீலம், அதே நீலத்தில் அவள் அங்கி, கையில் ஒரு மஞ்சள் விளக்கு. கமிட்டியில் பெரியவர் ஆரோக்கியம் மாமா. அவர்தான் எங்கள் கடைக்கு வேலையைக் கொடுத்தார். ஃபிளக்ஸ் போதாது, நல்ல தாளில் மல்டிகலர் அச்சு வேண்டும் என்றார். அதற்கான ஆஃப்செட் மிஷின் எங்களுக்குத் தெரிந்த அச்சகத்தில், சிதம்பரத்தில் இருந்தது. நான் ஃபிளக்ஸுக்குச் செய்கிற மாதிரியே ஃபைல் செய்து, பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் பண்டல் வந்தது.

சகாயமும் வந்திருந்தான். ஆரோக்கியம் மாமா கடையிலேயே பிரித்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது இன்னா கலரு?"

"நீலம் மாமா."

"எங்க தோட்டத்துல கத்திரி பூத்திருக்குது, வந்து பாரு. அந்தக் கலரு இது. தவக்காலத்துல சாமியாரு போடுற அங்கி தம்பி. திருவிழாவும் அதுவுமா மாதாவுக்குத் துக்கத் துணி உடுத்தி உட்டுட்டியே."

எனக்குப் புரியவில்லை. எங்கள் வீடு தேர் ஓடுகிற வீதிக்குப் பின்னால். ஊதா என்றால் ஊதா, அவ்வளவுதான். தவக்காலத்துக்கு என்று ஒரு நிறம் உண்டு, அது திருவிழாவில் எட்டிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? சகாயத்துக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தேன், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

மாமா அழைப்பிதழைத் திருப்பினார். பின்பக்கம் கமிட்டிக்காரர்கள் படம், வழக்கம்போல் ஓரம் வரைக்கும் நெருக்கி. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"என் காது எங்க?"

வெட்டில் போயிருந்தது. இடது காது முழுக்க, கண்ணாடிக் காம்போடு. அவருக்கு நேர் கீழே இருந்தவருக்குத் தோள் இல்லை.

"அடுத்த வருசமும் இவன் படத்தைப் போடுறோம். ஒரே ஒரு தடவ. அப்பவும் இப்பிடி வந்துச்சுன்னா பழைய படத்தையே போட்டுக்கறோம், கடையும் மாத்திக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே மாற்றியிருப்பார்கள்.

எனக்குத் திட்டு கடையோடு போயிற்று. சகாயத்துக்குத் தெருவோடு வந்தது. கோயிலில் பாடல் குழுவில் நிற்பான். முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்து, "கத்திரிக்கா" என்று முணுமுணுப்பார்களாம். ஐஸ் கம்பெனியிலும் அதே பெயர். படம் அவன் பெயரில் இருந்ததால் தப்பும் அவன் பெயரில் ஏறியது. ஃபைல் செய்த என்னை ஒருவரும் தேடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நல்லவேளை என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றைக்குச் சாயந்திரம் அவன் டீக்கடையில் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகச் சொல்லவில்லை. "ஸ்கிரீன்ல சரியாத்தான மச்சான் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது.

ஸ்கிரீனில் சரியாகத்தான் இருந்தது, வம்பே அங்கேதான். ஸ்கிரீன் நிறத்தை வெளிச்சத்தால் காட்டுகிறது. அச்சு மிஷினுக்கு வெளிச்சம் கிடையாது, நாலு டப்பா மைதான். நீலத்துக்கு என்று தனி டப்பா இல்லை. சியானும் மெஜந்தாவும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து நீலமாகத் தெரியவேண்டும். நாம் ஒன்றும் பார்க்காமல் மாற்றிவிட்டால், சாஃப்ட்வேர் மெஜந்தாவை அள்ளி ஊற்றிவிடும். கத்தரிப்பூ பூத்துவிடும். காதுக்கு மருந்து சுலபம். வெட்டுக்கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் படத்தை நீட்டவேண்டும், உள்ளே அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி தள்ளி முகங்களை வைக்கவேண்டும். அது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. நீலம் வரவில்லை.

எவ்வளவு சியானுக்கு எவ்வளவு மெஜந்தா என்பதைக் காகிதத்தில் அச்சடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நிறத்தைப் பார்ப்பதற்காக எந்த அச்சகம் பிளேட் போட்டு மிஷின் ஓட்டும்? டீக்கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது சகாயம் என் சட்டைப் பையிலிருந்து ஒரு வேஸ்ட் துண்டை உருவினான். விலாசம் எழுத நான் வைத்திருந்தது.

"இந்த ஓரம் யாருக்கு மச்சான்?"

"யாருக்கும் இல்ல. வெட்டிப் போடறது."

"அப்ப நமக்கு."

அன்றிலிருந்து ஆரம்பித்தது திருட்டு. சிதம்பரம் அச்சகத்துக்கு நான் செய்து கொடுக்கிற ஒவ்வொரு மல்டிகலர் வேலையிலும், வெட்டுக்கோட்டுக்கு வெளியே, மிளகு அளவுக்கு நீலக் கட்டங்கள் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். டியூஷன் நோட்டீஸ், மஞ்சள் நீராட்டு, வடலூர்ப் பூசத்துக்கு அன்னதான நோட்டீஸ், பண்ருட்டி முந்திரிக் கடை டப்பாவுக்கு லேபிள், எதையும் விடவில்லை. ஷீட் ஓடி முடிந்து வெட்டும்போது போய் நின்று, விழுகிற ஓரங்களைப் பொறுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கடலூருக்குக் கொண்டு போவேன். ஒரு லேபிளில் ஐந்து நீலம் பார்த்தோம் என்றால் முந்திரிக் கடைக்காரர் நம்பவே மாட்டார்.

சகாயம் அந்தத் துண்டுகளை விடியற்காலையில் முகத்துவாரத்துக்கு எடுத்துக்கொண்டு போவான். கையை நீட்டி வானத்துக்கு எதிரே பிடிப்பான். வலை ஏற்றிக்கொண்டிருக்கிறவர்கள், "சகாயம் ஆகாசத்துக்கு அளவு எடுக்குறான்டா" என்பார்களாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் எழுதி எனக்குக் கொடுப்பான். சொட்டு நீலம். ரேஷன் மண்ணெண்ணெய். யூனிபாரம் பாவாடை. பேனா ஒழுகின பாக்கெட்டு. ஒன்றுக்கு மட்டும், "இது உன் மூஞ்சி மச்சான், பஸ்ஸுல இருந்து எறங்குனப்ப" என்று எழுதியிருந்தான். அந்தச் சீட்டுகளைப் படித்துக்கொண்டு தனியாகச் சிரிப்பேன். கடையில் எனக்குக் காதல் என்று பேசிக்கொண்டார்கள்.

நாலு மாதம் கழித்து மாட்டிக்கொண்டேன். அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர் முருகேசன் மாமா. குரலை உயர்த்தவே மாட்டார், மிஷின் சத்தத்துக்கும் மேலே அவர் குரல் எப்படிக் கேட்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"இங்க வா. என் கலர் கட்டத்துக்குப் பக்கத்துல யாரு கோலம் போடுறது?"

நான் கையிலிருந்த ஓரத்துண்டுகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகைல உன் நீலக் கட்டம் மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்துல எட்டிப் பாத்துச்சு. பொண்ணு ஊட்டுக்காரன் வந்து, இது இன்னா குறி, மாப்பிள்ளைக்கு எதுனா தோஷமான்னு கேக்குறான். நான் இன்னா சொல்றது?"

விஷயத்தைச் சொன்னேன். கத்தரிப்பூ, தவக்காலம், காது, எல்லாம். மாமா கையிலிருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தினி நீலம் ஆச்சு?"

"நூத்திப் பத்து மாமா."

"நூத்திப் பத்தா. நான் இருவது வருசமா ஒரே நீலம்தான் ஓட்டுறேன்." துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "வெச்சிக்க. கோட்டுக்கு இன்னும் ரெண்டு மில்லி தள்ளி வை. மாப்பிள்ளைங்க பொழச்சிப் போவட்டும்."

அப்புறம் திருட்டு திருட்டாக இல்லை. எனக்கே கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது.

திருவிழாவுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது சகாயத்துக்குக் கால் வீங்கியது. ஐஸில் நிற்பதால் என்றான். பிறகு முகம் வீங்கியது. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிட்னி இரண்டும் போய்விட்டது என்று ரீட்டா அக்கா போனில் சொன்னபோது, நான் ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் மயில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த மயிலை அப்படியே வைத்து முடித்தேன். ஏன் முடித்தேன் என்று தெரியவில்லை.

படம் முடிந்திருந்தது. போன வருடத்தைவிட நன்றாக, புதிதாகவே வரைந்திருந்தான். நீலம் மட்டும் முடியவில்லை. கடைசிச் சுற்றில், ஒன்றிலிருந்து புதிதாக நம்பர் போட்ட இருபது கட்டம் மிச்சம். அதை வார்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். டியூப் லைட்டில் எல்லாம் ஒன்றுபோல் இருந்தது.

"பதினாலுன்னு நெனைக்கிறேன்" என்றான். "ஆனா இந்த லைட்டு பொய் சொல்லுது. நீ போய்ப் பாரு."

"நானா? எனக்கு இன்னாடா தெரியும்? நீ பொறந்ததுலேர்ந்து பாக்குற வானம் அது. போட்டோ எடுத்து அனுப்பறேன், நீ சொல்லு."

"போனு அதைவிடப் பெரிய பொய் சொல்லும். நூத்திப் பத்துக்கு மேல நீலம் போட்ட. உனக்கு ஒரு கண்ணு வந்திருக்காதா? போடா."

அன்றைக்கு ரீட்டா அக்கா வீட்டில் படுத்து, விடியற்காலையில் முகத்துவாரத்துக்குப் போனேன். உண்மையாகவே பயந்தேன். சிதம்பரத்துக்காரனுக்குக் கடல் என்றால் வருடத்துக்கு ஒரு நாள் காணும் பொங்கல். படகுகள் டீசல் புகையோடு கிளம்பிக்கொண்டிருந்தன. முதலில் எல்லாம் கறுப்பு. பிறகு ஒரு சாம்பல். அப்புறம் யாரும் ஒன்றும் செய்யாமலேயே அது வந்தது. வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இதைத்தான் இரண்டு வருடமாக ஒருத்தன் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான் என்று. கையை நீட்டிப் பிடித்தேன். பதினாலு கொஞ்சம் சிவந்து தெரிந்தது. பதினாறு பச்சைப் பக்கம் போயிற்று. பதினேழைப் பிடித்தபோது கட்டம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

போனில் சொன்னேன். "பதினாலுடா" என்றான். "பதினேழு" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு சண்டை போட்டான். நானும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறவனிடம் இப்படிச் சண்டை போடுகிறோமே என்று இருந்தது. ஆனால் விட்டுக்கொடுத்திருந்தால் அவன் பயந்திருப்பான்.

"சரி போ. பதினேழு. கத்திரிக்கா ஆச்சுன்னா இந்தத் தடவ உன் பேரு."

அச்சு ஓட்டுகிற நாள் வந்தது. பிளேட் மாட்டி, முருகேசன் மாமா மிஷினைச் சுற்றவிட்டார். முதல் ஐம்பது அறுபது ஷீட் குப்பைக்குத்தான், நிறம் நிலைக்கும்வரை. பிறகு ஒன்றை உருவி மேஜையில் போட்டார். ஆரோக்கியம் மாமா கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றுகொண்டிருந்தார். காதை ஒரு தடவை தடவிக்கொண்டதைப் பார்த்தேன்.

"மாதா முகம் கொஞ்சம் வெளுப்பா இருக்குது" என்றார் அவர்.

"மெஜந்தா ஏத்துனா சரியாப் பூடும்" என்று முருகேசன் மாமா கையை வைத்தார்.

மிஷினில் மை பட்டை பட்டையாகத்தான் ஏறும், முகமும் வானமும் ஒரே பட்டையில் இருந்தன. முகத்துக்கு மெஜந்தா ஏற்றினால் வானத்துக்கும் ஏறும். நான் வாழ்க்கையில் பெரியவர்கள் முன்னால் குரல் எடுத்துப் பேசினதே இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

"ஏத்தாதீங்க மாமா. விளக்கு வெளிச்சம் மூஞ்சில விழுது, அதான் வெளுப்பு. அவன் அப்பிடித்தான் வரைஞ்சிருக்கான். நீலத்தைப் பாருங்க."

பையிலிருந்து பதினேழாம் நம்பர் துண்டை எடுத்து ஷீட்டில் வானத்தின் மேல் வைத்தேன். மூன்று பேரும் குனிந்தோம். மிஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. முருகேசன் மாமா துண்டை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"நூத்திப் பத்துக்குப் பலன் வந்திடுச்சு" என்றார்.

ஆரோக்கியம் மாமா ஷீட்டைத் திருப்பினார். தன் படத்தைப் பார்த்தார். இரண்டு காதும் வெட்டுக்கோட்டுக்கு உள்ளேயே இருந்தன. திரும்ப முன்பக்கம் வந்தார், அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அந்த நேரம்தான் இது. நான் கடலுக்குப் போன காலத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அச்சகத்தில் ஒரு வழக்கம். சரியாக வந்த ஷீட்டில் யாராவது 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதைப் பார்த்துத்தான் மீதி எல்லாம் ஓடும். எப்போதும் வேலை கொடுத்தவர் போடுவார். ஆரோக்கியம் மாமா பேனாவை என் பக்கம் நீட்டினார். "நீ போடு தம்பி." எட்டாவது பாஸா என்று தெரியாத என் கையெழுத்தைப் பார்த்து ஆயிரத்து ஐந்நூறு மாதாக்கள் ஓடினார்கள். கட்டிங் மிஷினுக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதேன். மை பட்ட கையால் துடைத்து மூஞ்சியெல்லாம் சியான்.

அந்த மூஞ்சியோடுதான் பாண்டிச்சேரிக்குப் போனேன். ரீட்டா அக்கா அவனைச் சக்கர நாற்காலியில் ஜன்னலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். மடியில் வெட்டாத முழு ஷீட்டை விரித்தேன். வார்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றார்கள். ஒரு நர்ஸ், "யாரு வரைஞ்சது?" என்று கேட்டார்.

சகாயம் ஷீட்டின் மேல் குனிந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். விரலால் வானத்தைத் தடவினான். பிறகு மெதுவாக, "பதினாலு போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றான்.

நான் குனிந்து ஷீட்டை மறுபடி பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனால் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து இருமினான்.

"பதினேழுதான்டா. நம்பிட்டான் பாரு. சிஸ்டர், வரைஞ்சது நானு. இதைக் காயிதத்துல கொண்டாந்தவன் இவன். மூஞ்சில இன்னும் ஒட்டியிருக்குது பாருங்க."

ஃபைல் செய்கிறவன் பெயரை யாரும் சொல்வதில்லை. எனக்கு அன்றைக்குக் கிடைத்துவிட்டது, ஒரு வார்டு முழுக்க.

கொடியேற்றத்தை அவன் போனில் பார்த்தான். திருவிழா முடிந்த வாரம் கடலூரில் ஒரு அதிசயம் நடந்தது. ஜனங்கள் அழைப்பிதழைத் தூக்கிப் போடவில்லை. கத்தரிக்கோலால் படத்தை மட்டும் வெட்டி வீட்டு மாடத்தில், பீரோவில், பைக்கில், படகில் ஒட்டினார்கள். ஆரோக்கியம் மாமா கடைக்கு வந்து, "போன வருசம் என் காதை நீ வெட்டுன. இந்த வருசம் ஊரே சேந்து என் மூஞ்சிய வெட்டிப் போட்டுடுச்சு" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. பாடல் குழுப் பையன்கள் ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்தார்களாம். கத்திரிக்கா என்ற பெயர் அந்த வாரத்தோடு ஒழிந்தது.

அதற்கு மூன்று வாரம் கழித்துச் சகாயம் போனான். கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸை நான்தான் செய்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

இப்போது அந்தக் கடையும் இல்லை, மூடிவிட்டார்கள். நான் முருகேசன் மாமாவின் அச்சகத்திலேயே ஃபைல் பார்க்கிறேன். புதிதாக ஒரு பிரிண்டர் வந்திருக்கிறது. மிஷினில் எப்படி விழுமோ அதே நிறத்தை ஒரே ஒரு தாளில் முன்கூட்டியே காட்டிவிடும். அத்தனை நீலத்தையும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பார்த்துவிடலாம். ஓரத்தில் கட்டம் வைக்க இனி அவசியமில்லை. விடியற்காலையில் துண்டுச்சீட்டோடு நிற்க ஆளும் இல்லை. அவன் டேப்லெட் ரிப்பேராகி, ரீட்டா அக்கா அதைச் சர்வீஸ் கடையில் கொடுத்தபோது உள்ளே இருந்த படமெல்லாம் அழிந்துவிட்டது.

பஜ்ஜி தின்றதற்கு மறுநாள் ஞாயிறு. முதல் பஸ் பிடித்துக் கடலூர் போய், இருட்டோடு துறைமுகத்தில் இறங்கினேன். கிளம்பத் தயாராக இருந்த ஒரு படகில், ஓட்டுகிறவர் நிற்கிற அறையின் கண்ணாடியில் எங்கள் படம் ஒட்டியிருந்தது. ஒரு வருட வெயில். படகுக்காரர் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"வெளுத்துப் போச்சுப்பா. உன்கிட்ட புதுசு இருந்தா ஒண்ணு குடேன்."

"இதுவே இருக்கட்டும்ணே" என்றேன்.

வெயிலில் முதலில் போவது மஞ்சள், அடுத்தது மெஜந்தா. எந்தச் சுவரொட்டியை வேண்டுமானாலும் பாருங்கள். விளக்கு போயிருந்தது. மாதாவின் முகத்தில் இருந்த சிவப்பு போயிருந்தது. கீழே திருவிழா என்று சிவப்பில் எழுதிய எழுத்து போயிருந்தது. நான் ஐம்பத்தைந்து சதவீதமா ஐம்பத்தெட்டா என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டின மெஜந்தா சுத்தமாகப் போயிருந்தது. மிஞ்சியது சியான் மட்டும். அந்த நேரத்து வெளிச்சம் கண்ணாடிக்குப் பின்னால் வரத் தொடங்கியது. எஞ்சின் முடுக்கினார்கள். படகு நகர நகர, தாளின் ஓரம் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடினேன். தெரியவில்லை.